கல்வி நாடிக் கடல் கடந்தோரும் காஞ்சிமாநகரும்

சென்ற சித்திரைத் திங்களில் நம் சங்கத்து உறுப்பினராகிய நெசவாளர் ஒருவர் எம் இல்லத்துக்கு எழுந்தருளி, தம் மூத்த குமாரனுக்கு அந்நிய தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றில் இடங் கிடைத்திருக்கிறதென்றும், முதலாண்டுக் கட்டணத்துக்கும் பிரயாணச் செலவுக்கும் வீட்டுப் பத்திரத்தை ஈடுவைத்துக் கடன் பெற ஏற்பாடாகியிருக்கிறதென்றும், இவ்விஷயத்தில் எம் அபிப்பிராயம் யாதென்றும் வினவினார். உடன் வந்திருந்த பிள்ளையை நோக்கி, “தம்பி, அங்கே எதைக் கற்கப் போகிறாய்? அதனை இங்கே எவ்வளவு கற்றிருக்கிறாய்?” என்று கேட்டோம். ஊரின் பெயரையும் கட்டணத் தொகையையும் விமானம் புறப்படும் நாளையும் அவன் ஒரே மூச்சிற் சொன்னான். எம் வினாக்களுக்கு மட்டும், “எல்லாம் தரகர் பார்த்துக்கொள்வார், ஐயா” என்றான். தகப்பனார் தலை குனிந்திருந்தார். எமக்கும் உடனே மறுமொழி சொல்ல நா எழவில்லை. பத்து நாட் கழித்து வருமாறு சொல்லியனுப்பிவிட்டு, எம்மிடமுள்ள பழஞ் சரித்திர நூல்களைப் புரட்டலானோம். அந்தப் பத்து நாளிற் கண்டவற்றையே ஈண்டு அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

கல்வியின் பொருட்டுத் தேசம் விட்டுத் தேசஞ் செல்லுதல் நம் காஞ்சிக்குப் புதிதன்று. வெளியூர் மாணாக்கர் தேடிவந்த ஊராகவும், இங்கிருந்து வெளிதேசஞ் சென்ற மாணாக்கரை ஈன்ற ஊராகவும் இஃது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன்பே விளங்கிற்று. முதலில் வந்தோரைக் காண்போம்.

கர்நாடக தேசத்திலே ஷிமோகா ஜில்லாவைச் சேர்ந்த தாளகுண்டா என்னும் ஊரில் ஒரு கற்றூண் நிற்கிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வடமொழிச் செய்யுளாக அதிற் பொறிக்கப்பட்ட சாசனம், மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் தன் ஆசிரியராகிய வீரசர்மரோடு பல்லவர் தலைநகராகிய காஞ்சிக்கு வந்து, வேதமனைத்தையும் முற்றக் கற்கும் விருப்பத்தால் இங்கிருந்த கடிகையிற் புகுந்தான் என்று கூறுகிறது. இது நான்காம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. கடிகை என்பது அக்காலத்து உயர்தரக் கலாசாலை. மயூரசர்மன் எழுத்தறியத் தொடங்க இங்கு வந்தவனல்லன். தன் ஊரில் ஆசிரியரிடங் கற்றுத் தேறி, அவ்வாசிரியரே கைப்பிடித்துக் கொண்டுவந்து விட, எஞ்சியதை நிறைவு செய்ய வந்தவன் என்பது சாசனப் போக்கினால் விளங்கும். வந்த இடத்தில் பல்லவரின் குதிரை வீரன் ஒருவனோடு கலகம் நேர்ந்தது. அவமானம் பொறாத மாணாக்கன் தருப்பைப் புல்லை விடுத்து வாளைக் கையிலெடுத்தான். ஈற்றில் கதம்ப ராஜ்யத்தை ஸ்தாபித்தான். அயலூர் மாணாக்கரை உள்ளூர் அதிகாரிகள் சிறுமைப்படுத்துதல் எக்காலத்தும் உண்டு போலும்! ஆயினும் எல்லாரும் ராஜ்யம் ஸ்தாபிப்பதில்லை. பெரும்பாலோர் மனம் நொந்து திரும்புகின்றனர்.

இக்கடிகையின் பெருமையைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. கைலாசநாதர் கோயிலிலே, எட்டாம் நூற்றாண்டிற் காஞ்சியைக் கைக்கொண்ட சாளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தனது கன்னட சாசனம் இருக்கிறது. ஊரை அழியாது விட்ட அவ்வரசன், கோயிற் பொருளையும் திருப்பிக் கொடுத்து, இத்தருமத்தை அழிப்பவர் இந்நகரத்துக் கடிகையாரைக் கொன்றவர் புகும் உலகத்திற் புகுவர் என்று எழுதுவித்தான். பகைவனே கற்றோர் கொலையைப் பெரும்பாவத்துக்கு எல்லையாகக் கொண்டானென்றால், கடிகையின் மதிப்பை வேறு விவரிக்க வேண்டா. வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்களிலும் சாசனத்திலும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகிய நந்திவர்மனை அரசனாக்கிய கூட்டத்தில் கடிகையாரும் இருந்தமை காணலாம். அக்கோயிலுக்குத் திருவிழாக் காலத்திற் செல்லும் நம்மவர், பிராகாரத்துச் சுவரையும் ஒருமுறை நின்று நோக்குவாராக.

நிற்க. இங்கிருந்து வெளியே சென்றோரைப் பார்ப்போம்.

ஐந்தாம் நூற்றாண்டிலே பாலி மொழியிற் பேருரைகள் வரைந்த புத்தகோஷர், தாம் காஞ்சீபுரத்தில் ஜோதிபாலர் என்பாருடன் வசித்ததைத் தம் உரை ஒன்றின் முடிவிற் குறித்திருக்கிறார். அவர் இலங்கைக்குச் சென்று அநுராதபுரத்து மகாவிகாரையை அடைந்து, அங்கே சிங்களத்திலிருந்த பழைய உரைகளைப் பாலியிற் பெயர்க்க ஏடுகளைத் தருமாறு கேட்டார். அங்கிருந்த தேரர்கள் உடனே ஏட்டறையைத் திறந்துவிடவில்லை. இரண்டு காதைகளைக் கொடுத்து, “முதலில் இவற்றின்மேல் உம் திறமையைக் காட்டும், பின்னர்ப் பார்ப்போம்” என்றனராம். அதற்கு விடையாக அவர் இயற்றியதே விசுத்திமார்க்கம் என்னும் பெருநூல். தேவர்கள் அவ்வேட்டை இருமுறை மறைக்க, மூன்றாமுறையும் அவர் எழுதினாரென்றும், மூன்று பிரதிகளும் ஓரெழுத்தும் பிசகாதிருந்தனவென்றும் இலங்கைச் சரித்திரம் கூறும். தேவர் கதையை நம்புவார் நம்புக. வந்த மாணாக்கனைச் சோதித்தே உள்ளே விட்டனர் என்பதும், அவ்வூர்ப் பாஷையிலுள்ள உரைகளை வாசிக்க அவர் வல்லவராய் இருந்தார் என்பதும் நமக்குப் போதும்.

அடுத்த நூற்றாண்டிலே காஞ்சியில் மந்திரி ஒருவருக்கு மூத்த குமாரராய்ப் பிறந்தவர் தருமபாலர். அரசன் தன் புதல்வியை அவருக்கு மணமுடிக்க எண்ணியிருக்க, மணநாளுக்கு முன்னிரவில் அவர் புத்தர் திருவுருவின் முன் வேண்டி நின்று, நகரை விட்டகன்று துறவு பூண்டாரென்று சீன யாத்திரிகர் ஹியூன் ஸாங் எழுதியிருக்கிறார். அவர் வடதேசஞ் சென்று நாளந்தா மகாவிகாரத்தை அடைந்து, முடிவில் அதற்கே தலைவரானார். காஞ்சியிலிருந்து மகததேசத்துக்கு நேற்று நாம் செல்லும் ரயில் அன்று இல்லை. பாஷையும் வேறு, உணவும் வேறு, குளிரும் வேறு. மாணாக்கராய்ச் சென்றவர் தலைவராய் அமர்ந்தது அவர் வழியிற் கற்றதனால் அன்று. புறப்படுமுன் இவ்வூரிற் கற்றிருந்ததனால் என்றே யாம் எண்ணுகிறோம்.

நாளந்தாவிற் புகுவது எத்தகையது என்பதை அந்த ஹியூன் ஸாங்கே சொல்கிறார். வெளியூரிலிருந்து வாதத்துக்கும் கல்விக்கும் வருவோரை வாயிலிலேயே நிறுத்தி, வாயிற்காவலர் கடினமான வினாக்களை வினவுவராம். வந்த பதின்மரில் எழுவர் எண்மர் விடை சொல்லமாட்டாது வந்தவழியே திரும்புவராம். உள்ளே புகுந்தோர்க்கோ உணவும் உடையும் படுக்கையும் மருந்தும் விலையின்றிக் கிடைத்தன. நூறு கிராமங்களின் வருவாயை அரசர் இதற்கென்றே விட்டிருந்தனர். ஆகவே மாணாக்கர் எதற்காகவும் பிறரிடங் கையேந்த வேண்டியிருந்ததில்லை.

இதனை வாசித்தபோது எம் மனத்திற் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். அங்கே வாயிலில் வித்தையைக் கேட்டனர், பணத்தைக் கேட்டிலர். இக்காலத்துக் கலாசாலைகளுட் சிறந்தவை இன்றும் வித்தையையே முதலிற் கேட்கின்றன. மற்றுஞ் சிலவோ கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு வாயிலைத் திறந்துவிட்டு, வினாக்களை உள்ளே வைத்திருக்கின்றன. நாளந்தா வாயிலில் தோற்றவன் கால் நோவோடு ஊர் திரும்பினான். இன்று உள்ளே போய்த் தோற்கும் பிள்ளைக்காக ஊரிலே ஒரு வீடு ஈட்டில் இருக்கிறது.

ஹியூன் ஸாங்கின் பிரயாண ஆயத்தமும் நாம் அறியத்தக்கதே. கி.பி. 629-ஆம் ஆண்டளவில் அவர் புறப்பட்டபோது சீன தேசத்தை விட்டு வெளியேற அரசாங்கத்தார் அநுமதி தரவில்லை. இரவில் மறைந்து எல்லை கடந்தார். பாலைவனத்துக்கு அப்பால் காவோசாங் நாட்டரசன் அவரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள முயன்று, அவர் உண்ணாவிரதம் இருந்ததைக் கண்டு மனம் இளகி, வேண்டிய பொருளனைத்தும் உதவினான். அப்பொருள் யாது? பொன்னும் வெள்ளியும் அன்றி ஐந்நூறு சுருள் பட்டு! வழியிலுள்ள அரசர்களுக்கு இருபத்துநான்கு அறிமுகக் கடிதங்கள். ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு பட்டுச் சுருள். பட்டு நெய்யும் ஊரினராகிய நமக்கு இச்செய்தி இனிக்கத்தானே செய்யும்? இன்று நம்மூர்ப் பிள்ளைகள் வெளிதேசஞ் செல்வதும் தாய்தந்தையர் நெய்த பட்டைக் கொண்டே. பாஸ்போர்ட்டும் விசாவும் அந்தக் கடிதங்களின் ஸ்தானத்தில் இருக்கின்றன.

பொருளும் கடிதமும் கைக்கு வந்தபின்னும் அவர் நேரே நாளந்தா வாயிலிற் போய் நிற்கவில்லை. காசுமீரத்தில் இரண்டாண்டு தங்கி, முதிர்ந்த ஆசிரியர் ஒருவரிடம் சாத்திரங் கேட்டு, ஏடுகளைப் படியெடுத்துக்கொண்டார்; வேறு விகாரங்களிலும் தங்கிப் பயின்றார். கி.பி. 637 அளவிலேதான் நாளந்தாவை அடைந்தார். அங்கே அவரைச் சீடராக ஏற்றவர் சீலபத்திரர். சீலபத்திரர்க்கு ஆசிரியராயிருந்தவர் நம் காஞ்சித் தருமபாலர். பின்னாளில் ஹியூன் ஸாங் ஊர் திரும்பி, தருமபாலரின் கொள்கையைத் தலைமையாகக் கொண்டு கி.பி. 659-ல் சீனமொழியில் ஆக்கிய நூல் இன்றும் ஜப்பானில் நாரா நகரத்துக் கோஃபுகுஜி முதலான மடங்களின் மரபுக்கு ஆதாரமாயிருக்கிறது. காஞ்சித் தெருவில் அரும்பிய ஒரு கல்வி எத்துணைத் தூரம் சென்றது பாருங்கள்.

கி.பி. 640 அளவில் அவர் நம் நகருக்கே வந்தார். முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலம் அது. நிலம் செழிப்புடையது, மக்கள் நேர்மையும் துணிவும் கல்வியில் மதிப்பும் உடையவர், நூறளவு சங்காராமங்களும் பதினாயிரம் பிட்சுக்களும் உளர் என்றெல்லாம் எழுதினார். இங்கிருந்து இலங்கைக்கு மூன்று நாட் கடற்பயணம்; அங்கே சென்று யோகசாத்திரத்தை மேலும் கற்க எண்ணியிருந்தார். அத்தருணத்தில் இலங்கையிலிருந்து முந்நூறு பிட்சுக்கள் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர்; அரசன் இறந்தான், நாட்டிற் பஞ்சம் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுள் மூத்த இருவரை ஹியூன் ஸாங் தாம் கற்க விரும்பிய சாத்திரத்திலேயே சில இடங்களை விளக்குமாறு கேட்டார். அவர்கள் விளக்கம் சீலபத்திரர் விளக்கத்தை விஞ்சவில்லை. யாத்திரிகர் கப்பலேறாமல் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியை யாம் இரண்டு மூன்று முறை வாசித்தோம். போகவேண்டிய ஊரிலிருந்தே வந்தவரைக் கண்டுபிடித்து, ஊர் நிலைமையையும் ஆசிரியர் தரத்தையும் கேட்டறிந்து, போகாதிருக்கத் துணிந்த அந்த அறிவு நம் காஞ்சியிலே நிகழ்ந்தது. பிரயாணத்துக்கு ஆயத்தஞ் செய்கையில் போகாமலிருக்கும் முடிவுக்கும் இடம் விடவேண்டுமல்லவா?

இனி, இவர் எல்லாரினும் நமக்கு மிகவும் உபகாரமான ஒருவரைச் சொல்லவேண்டும். இத்ஸிங் என்னும் சீனத் துறவி கி.பி. 635-ல் பிறந்தவர். இளமையிலேயே பாரத தேசத்திற் கற்க அவாவினார். புறப்படும்போது வயது முப்பத்தேழு. உடன் வருவதாய் உறுதி சொன்ன தோழர் ஒவ்வொருவராய் நின்றுவிட்டனர். ஒருவர்க்கு வயது முதிர்ந்த தாயார் இருந்தனர். மாகாணத் தலைவர் ஒருவரும் அவர் குடும்பத்தாரும் பொருளுதவி புரிய, கி.பி. 671-ல் காண்டன் துறைமுகத்திற் பாரசீகக் கப்பலேறினார். இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயம் வந்தது. அஃது இன்றைய சுமாத்திரா தீவின் பாலெம்பாங் பிரதேசம். நாகப்பட்டினத்திற் பிற்காலத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்த அரசர்களின் நாடு.

அங்கே இத்ஸிங் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணத்தைப் பயின்றார். உடன் வந்த ஒரே துணைவரும் நோயுற்று ஊர் திரும்பினார். பின்னர்த் தனியே வங்காளக் கரையிலுள்ள தாமிரலிப்தியை அடைந்தும் உடனே நாளந்தா செல்லவில்லை; அங்கு முன்னரே வந்திருந்த சீன தேசத்தார் ஒருவரிடம் ஏறத்தாழ ஓராண்டு மொழி பயின்றார். அதன்பின் பத்தாண்டு நாளந்தாவிற் கற்று, ஐந்து லட்சம் கிரந்தத்துக்கு மேற்பட்ட ஏடுகளோடு ஸ்ரீவிஜயத்துக்குத் திரும்பினார்.

திரும்பியவர் சும்மா இருந்தாரில்லை. தமக்குப்பின் வருவோர்க்காக நாற்பது அத்தியாயங்களில் ஒரு நூல் எழுதி, கி.பி. 692-ல் ஊர் திரும்பும் துறவி ஒருவர் கையிற் கொடுத்துச் சீனத்துக்கு அனுப்பினார். அதில் மெய்ஞ்ஞானத்தைக் காட்டிலும் தினசரி வாழ்க்கையே மிகுதி. உண்ணுமுன் எப்படிக் கைகால் கழுவுவது, எச்சில் எது, பற்குச்சியை எவ்வாறு பயன்படுத்துவது, ஆடையை எப்படி உடுப்பது, ஆசிரியர் முன் எவ்வாறு நிற்பது, நோய் வந்தால் எப்படிப் பட்டினியிருப்பது என்றிவற்றையெல்லாம் அவர் சிறிதும் வெட்கமின்றி விரித்துரைக்கிறார். பாரத தேசத்துப் பிள்ளைகளின் பாடமுறையையும் சொல்கிறார்: ஆறு வயதில் எழுத்துப் புத்தகம், எட்டு வயதிற் பாணினியின் சூத்திரம், பதினைந்து வயதில் அதன் விருத்தியுரை, அவ்வுரைக்கு மட்டும் ஐந்தாண்டு. சீனத்திலிருந்து கற்கச் செல்வோர் இவ்விலக்கண நூலையே முதற்கண் கற்றுக்கொள்ள வேண்டும், அல்லாக்கால் பட்ட பாடனைத்தும் வீணாம் என்றும் கண்டிப்பாக எழுதுகிறார். மேலும், ஸ்ரீவிஜயத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிட்சுக்கள் உளர், பாரத தேசத்து ஒழுங்குகளே அங்கும் வழங்குகின்றன, ஆதலால் மேற்றிசை செல்லக் கருதும் சீனத் துறவி அங்கே ஓராண்டோ ஈராண்டோ தங்கி முறைமைகளைப் பழகிக்கொண்டு அப்பாற் செல்வது நலம் என்று அறிவுரை பகர்கிறார்.

நடுவழியில் ஒரு திண்ணை! எத்துணை நல்ல யோசனை! வீட்டின் திண்ணை போல, உள்ளும் புறமுமாகிய ஓரிடத்திற் சற்று அமர்ந்து, மூச்சு வாங்கி, பேச்சையும் பழக்கத்தையும் சரிசெய்துகொண்டு உள்ளே செல்வது. வேற்றூர்க் கலாசாலையிற் கால்வைத்த நாளிலேயே பாஷையும் பாடமும் சமையலும் குளிரும் ஒருங்கே தலைமேல் விழாதபடி, ஒன்றையேனும் இரண்டையேனும் முன்னரே முடித்துக்கொள்ளும் உபாயம்.

இவரைப் பற்றி ஒரு சிறு கதை. கி.பி. 689-ல், ஏடுகளைப் பெயர்த்தெழுதக் காகிதமும் மையும் அனுப்புமாறு காண்டனுக்குக் கடிதம் விடக் கருதி, துறையில் நின்ற கப்பலில் ஏறினார். அச்சமயம் காற்றுச் சாதகமாக வீசவே, மாலுமிகள் பாய் விரித்துவிட்டனர். கடிதம் செல்லவேண்டிய ஊருக்குக் கடிதக்காரரே சென்று சேர்ந்தார்! ஏடுகளனைத்தும் ஸ்ரீவிஜயத்தில், ஆளோ காண்டனில். அவ்வாண்டே உதவியாளர் நால்வரைத் திரட்டிக்கொண்டு மறுபடியும் கடல் கடந்தார். எவ்வளவு ஆயத்தஞ் செய்தவர்க்கும் இப்படி ஒன்று நேரும். அவர் தம் காலத்தில் மேற்றிசை சென்ற ஐம்பதுக்கு மேற்பட்ட துறவிகளின் சரித்திரத்தையும் எழுதிவைத்தார். அவருட் பலர் திரும்பவேயில்லை. சிலர் நோயால் மாண்டனர். ஒருவர் கப்பல் மூழ்கியபோது படகில் தமக்கு வாய்த்த இடத்தைப் பிறர்க்கு ஈந்து கடலில் ஆழ்ந்தார்.

நிற்க. இத்தகைய தேசத்திற் பிற்காலத்தே கடல் கடத்தலே பாவமென்னும் எண்ணம் வேரூன்றியதை என்னென்பது! இங்கே நம் போன்ற குலச் சங்கங்கள் கேட்டு நாணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கி.பி. 1888-ல் மோகன்தாஸ் காந்தி என்னும் பதினெட்டு வயது இளைஞர் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குப் புறப்பட்டு பம்பாயில் தங்கியிருந்தபோது, அவருடைய மோத்வணிகர் குலத்தார் சபை கூட்டி, போகலாகாதென்று தடுத்தனர். கேளாமையால் அவரைச் சாதிப் பிரஷ்டம் செய்து, அவருக்கு உதவுவோரும் வழியனுப்பத் துறைமுகம் செல்வோரும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் செலுத்தவேண்டுமென விதித்தனர். கூட்டம் கூட்டிச் செய்த ஆயத்தம் இதுவே! அவர் செப்டம்பர் 4-ந் தேதி கப்பலேறினார். கையில் நான்கு அறிமுகக் கடிதங்கள். அவற்றுளொன்று தாதாபாய் நௌரோஜிக்கு. செப்டம்பர் இறுதிக் குளிரில் வெள்ளைப் பிளானல் உடையோடு கரையிறங்கினார். அந்த உடை தரித்தவர் அங்கே அவர் ஒருவரே. வரவேற்க வந்த டாக்டர் மேத்தாவின் பட்டுத் தொப்பியைக் கையிலெடுத்து அதன் ரோமத்தை எதிர்ப்புறமாய்த் தடவிவிட, பிறர் பொருளைத் தொடலாகாது என்பதே சீமையில் அவர் கற்ற முதற் பாடமாயிற்று. அபராதம் விதித்த பெரியோர் அந்த ஒரு மணி நேரத்தை உடையும் நடையும் சொல்லிக்கொடுப்பதிற் செலவிட்டிருக்கலாகாதா?

நம் ஊரோடு சிறிது தொடர்புடைய மற்றொருவர் கணிதமேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன். கி.பி. 1887-ல் ஈரோட்டிற் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திற் சில காலம் காஞ்சியில் தாயின் பெற்றோர் இல்லத்தில் வளர்ந்து, கோர்ட்டில் உத்தியோகம் பார்த்த பாட்டனார் வேலை இழந்தபின் தாயாருடன் கும்பகோணம் திரும்பினார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களிற் கவனமின்றி எப்.ஏ. பரீட்சையில் தவறியவர், சென்னைத் துறைமுக ஆபீசில் மாதம் முப்பது ரூபாய்க் குமாஸ்தா. கி.பி. 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் ஹார்டி துரைக்கு அவர் தேற்றங்கள் நிறைந்த கடிதம் விடுத்தார். நாளந்தா வாயிற்காவலர் வினாவுக்குத் தபாலில் அனுப்பிய விடை அது என்று சொல்லலாம். வாயில் திறந்தது.

அதன்பின் நடந்த ஆயத்தத்தைக் கவனியுங்கள். சென்னைச் சர்வகலாசாலையார் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் தந்தனர். அதில் 50 பவுன் ஊரிலுள்ள குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. போகிறவனுக்கு மட்டுமன்றி, இருப்பவர்க்கும் வழி செய்தனர் என்பதை நம்மவர் மனத்திற் கொள்ளவேண்டும். தாயார் நாமகிரித் தாயார் கனவிலே தந்த அநுமதியாற் சம்மதித்தார். குடுமி எடுக்கப்பட்டது, கால்சட்டையும் கத்தி முள்கரண்டியும் பழக்கினர். மகனை அக்கோலத்திற் காண வேண்டாமென்று தாயாரும் மனைவியாரும் முன்னரே கும்பகோணம் அனுப்பப்பட்டனர். கி.பி. 1914 மார்ச்சு 17-ந் தேதி நெவாஸா என்னும் கப்பல் சென்னையை விட்டது. ஏப்ரல் 14-ல் லண்டன்.

இவ்வளவு செய்தும் ஒன்று விட்டுப்போயிற்று. கேம்பிரிட்ஜில் அப்போது பயின்ற மஹலநோபிஸ் என்னும் வங்காள மாணாக்கர் ஒருநாள் ராமாநுஜனைக் கண்டு, இரவிற் குளிர் தாங்குகிறதா என்று வினவினார். மேற்சட்டையோடு சால்வையும் போர்த்துப் படுத்தும் குளிர்கிறது என்றார் ராமாநுஜன். மஹலநோபிஸ் அறைக்குட் சென்று பார்த்தால், கம்பளிகள் பல கட்டிலின்மேல் ஒழுங்காகச் செருகியே இருந்தன. விரிப்பை விலக்கி அவற்றுள் நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அம்மேதைக்கு ஒருவருஞ் சொல்லவில்லை! கத்தி முள்கரண்டியைப் பழக்கினவர் படுக்கையை நினைத்தாரில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. சைவ உணவு விடாத அவர் தாமே சமைத்துண்டு, காய்கறி அருகி, 1917-ல் நோய்வாய்ப்பட்டார். 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினராகி, 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டிற் காலமானார். வயது முப்பத்திரண்டு.

பத்து நாளுக்குப்பின் அந்த நெசவாளர் மகனுடன் வந்தார். மேற்கண்டவற்றை இருவருக்கும் சுருக்கிச் சொன்னோம். இத்ஸிங்கின் செய்தி வந்தபோது தகப்பனார், “நம் பிள்ளைக்கு அந்த ஸ்ரீவிஜயம் எங்கே இருக்கிறது, ஐயா?” என்று கேட்டார். அக்கேள்வியை யாம் எதிர்பார்க்கவில்லை. மூவரும் நெடுநேரம் பேசினோம். அவர் வேறொரு கவலையையும் வெளியிட்டார். கோர்வைச் சேலை நெய்ய ஒருவராற் கூடாது; தறியில் அமர்ந்தவர் உடலை நெய்ய, மறுகரை நாடாவை எறியப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. அந்த வீட்டில் அந்த ஆள் இப்பிள்ளைதான். அவன் போனால் கடனும் ஏறும், கூலியாளும் வைக்கவேண்டும். கட்டணத்தை எழுதிக் கணக்குப் பார்த்த தரகர் இச்செலவை எழுதவில்லை. அன்று யாம் ஒரு தாளில் அதனையும் சேர்த்து எழுதினோம், மொத்தத்தைக் கண்ட பிள்ளை முகம் வாடினான், ஆனால் கோபிக்கவில்லை.

முடிவாக, பிரயாணம் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது. பிள்ளை இப்போது சென்னையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தானே சோறாக்கி உண்டு, தான் சேரவிருக்கும் படிப்பின் முதலாண்டுப் புத்தகங்களை வாசித்து வருகிறான். பகலிற் சிறு உத்தியோகம், மாலையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. ஞாயிறுதோறும் ஊர்வந்து தந்தையார்க்கு நாடா எறிகிறான். மற்ற நாட்களில் அவன் தங்கை பள்ளி விட்டு வந்தபின் சற்று நேரம் அமர்கிறாள். அவள் படிப்பு இதனாற் குறையலாகாதென்று தகப்பனாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். அவன் முதலிற் தேர்ந்த கலாசாலையைப் பற்றி, அங்கே பயின்று திரும்பிய இருவரைத் தேடி விசாரித்ததில், அதனை விட்டு வேறொன்றுக்கு மனுச் செய்வதென்றும் தீர்மானித்திருக்கிறான்.

நம் சங்கக் குடும்பத்துப் பெண் ஒருவர் மூன்றாண்டாக ஜெர்மனி தேசத்திற் பயின்று வருகிறார். அவர் தம் அநுபவத்தை விரிவாக எழுதியனுப்பியிருக்கிறார்: குளிர்காலத்து உடை, அறை வாடகை, மாதாந்தரச் செலவுக் கணக்கு, முதற்பரீட்சையில் தாம் தவறிய பாடமும் அதன் காரணமும், நோய்வாய்ப்பட்ட நாளில் உதவினவர் யார் என்பது உள்பட ஒன்றையும் ஒளிக்கவில்லை. அக்கடிதம் அடுத்த மாத இதழில் முழுவதும் வெளிவரும். வெளிதேசத்திற் பயிலும், பயின்று திரும்பிய மற்ற அன்பர்களும் இவ்வாறே எழுதியனுப்பின் வந்த வரிசைப்படி வெளியிடுவோம்.